குளிர்பதனப் பெட்டிக்கு முன்னுரிமை

— ஆறு. டேய், வைஃபை வேகம் ஆறுதான்டா காட்டுது.

— ஆறா? பழைய பெட்டியிலயே இருபது வந்துச்சே அக்கா!

— அதைத்தானே நானும் கேக்கறேன். பழசு ஏதோ மூச்சு வாங்கிக்கிட்டாவது ஓடிட்டிருந்துச்சு. "வீடு முழுக்கப் பறக்கும், மொட்டை மாடியில நின்னாலும் பறக்கும்"னு மூணு வைஃபை பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினது யாரு?

— பறக்கும். கவலையே படாதே. சிம்பிள். பெட்டி இருக்கற இடம் சரியில்ல, அவ்ளோதான். ஹால் பெட்டியை எங்க வச்சே?

— நான் எங்க வச்சேன்? நீதான் மீன் தொட்டிக்குப் பின்னாடி சொருகினே. ஒயர் வெளிய தெரிஞ்சா அசிங்கமா இருக்கும்னு பெரிய அழகு நிபுணர் மாதிரி பேசினே.

— ஓ. ஆமால்ல. தண்ணிக்குப் பின்னாடி வச்சா சிக்னல் அந்தப் பக்கமே குளிச்சுட்டு நின்னுடும். எடுத்து அலமாரி மேல வைக்கறேன். அந்த நாற்காலியைப் பிடி.

— சீக்கிரம் ஏறு. மணி மூணு ஆகப் போகுது. நாலு மணிக்கு அவர் வீடியோவுல கூப்பிடுவார்.

— பல்லு அத்தான் டாண்ணு கூப்பிடுவார்னு தெரியும். அதுக்குள்ள முடிச்சுடலாம்.

— பல்லு அத்தான்னு கூப்பிட்டே, கீழ தள்ளி விட்டுடுவேன். அவர் செயற்கைப் பல் செய்யறவர். அது ஒரு கலை. போன மாசம் என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா? அப்பாகிட்ட முதல் முதலா பேச வந்தார். நலமெல்லாம் விசாரிச்சுட்டு, கேக்க வந்ததைக் கேக்கக் கையை இப்படித் தூக்கினார். அதோட படம் நின்னு போச்சு. தூக்கின கை தூக்கினபடி, வாய் பாதி திறந்தபடி!

— பஸ்ஸை நிறுத்தற மாதிரி இருந்துச்சு.

— சிரிக்காதடா! காது கேக்காதவருக்குக் கைதான் குரல். கை நின்னா பேச்சு நின்னுச்சு. ஆஸ்பத்திரியிலயும் கோர்ட்லயும் அடுத்தவங்க பேசறதைக் கையால சொல்றதுதான் எனக்குப் பொழப்பு. என் கல்யாணப் பேச்சு மட்டும் அந்தரத்துல தொங்குது. அம்மா அன்னிக்கே சரின்னுட்டா. அப்பா மட்டும் எழுந்து, "காலம் கனியட்டும்"னு சொல்லிட்டு ரூமுக்குள்ள போனவர்தான். ஒரு மாசமா இன்னும் கனியல.

— இன்னிக்குக் கனிய வச்சுடலாம். இறங்கிட்டேன். இப்பப் பாரு.

— ஏழு.

— ஏறியிருக்கில்ல?

— மகனே, மகளே! இவ்வாறு உரத்த குரலில் நீங்கள் உரையாடுவதன் காரணம் யாது?

— அப்பா, இன்டர்நெட் வரலப்பா.

— வருகிறது. ஆயினும் விரைந்து வரவில்லை. பழுதைக் கண்டறிய விரும்புவோர்க்கு முதற்கண் சொல்லில் துல்லியம் வேண்டும்.

— அக்கா, லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வேலையிலேர்ந்து இவர் ரிடையர் ஆன அன்னிக்கே யாராவது ஒரு கேரம் போர்டு வாங்கிக் கொடுத்திருக்கணும். வாழ்க்கை முழுக்க வேற பாஷையில ரிப்போர்ட் எழுதினவர். ஒண்ணாங்கிளாஸ் தமிழ்ப் புத்தகத்தை வாங்கிட்டு வந்து உக்காந்தார். இப்ப வீட்ல ஒரு தண்ணி பாட்டில் கேக்கக்கூட பயமா இருக்கு.

— நீர்க்குடுவை. அது கிடக்கட்டும். பன்னிரண்டாம் வகுப்பு வரை நிறைவு செய்துள்ளேன். இறுதித் தேர்வில் உன்னைவிட நான்கு மதிப்பெண்கள் மிகுதி.

— பேப்பரை நீங்களே எழுதி நீங்களே திருத்திக்கிட்டீங்க!

— கடுமையாகவே திருத்தினேன். கட்டுரையில் எனக்கே இரண்டு மதிப்பெண்கள் குறைத்தேன்.

— அப்பா, விளையாட்டு இருக்கட்டும். நாலு மணிக்கு வந்து உக்காருவீங்கல்ல?

— வாக்களித்தவன் வருவான். எனினும், மகளே, என் மனத்தடையை மீண்டும் தெளிவுறுத்த விழைகிறேன். அந்த இளைஞர்மீது எனக்குக் காழ்ப்பில்லை. உழைப்பாளி என்று அறிகிறேன். உன் அன்னையும் அவரைப் புகழ்கிறாள். ஆனால் மாமனாரும் மருமகனும் பேசும் பேச்சை வாழ்நாள் முழுவதும் மகளே மொழிபெயர்ப்பது முறையாகுமா? நான் அவரைக் கடிந்துகொண்டால் அதை நீ குறையாமல் எடுத்துரைப்பாயா?

— சொல்வேன்பா. தொழில் தர்மம்னு ஒண்ணு இருக்கு.

— சென்ற முறை அவர் நெடுநேரம் கைகளை அசைத்தார். முகத்தில் எத்தனையோ உணர்ச்சிகள் தோன்றி மறைந்தன. நீயோ "நல்லா இருக்கீங்களான்னு கேக்கறார்" என்று மூன்றே சொற்களில் முடித்தாய்.

— அது… படம் நின்னு நின்னு வந்துச்சுல்ல.

— மாட்டிக்கிட்டியா! தொழில் தர்மம் சிக்னல் இல்லாம செத்துப் போச்சு!

— நீ வாயை மூடிட்டுப் பெட்டியைப் பாரு.

— நான் என் அறைக்குத் திரும்புகிறேன். முடிக்கவேண்டிய பணி ஒன்று உள்ளது.

— அப்படி என்னப்பா பணி? ஒரு மாசமா கதவைச் சாத்திக்கிட்டு?

— நான்கு மணிக்குச் சந்திப்போம்.

— போயிட்டார். பாத்தியா, கண்ணைப் பாத்துப் பேசவே மாட்டேங்கறார். இன்னிக்கும் படம் நின்னுச்சுன்னா முடிஞ்சுது. "இயற்கையே மறுக்கிறது மகளே"ன்னு ஆரம்பிச்சுடுவார்.

— அக்கா, கண்ணைத் தொடை. இப்ப ஒழுங்கா யோசிப்போம். லேப்டாப்பை நேரா பெரிய பெட்டியில ஒயர் போட்டு மாட்டிட்டேன். வேகம் பாரு.

— நூறு! டேய், நூறு வருது!

— அப்ப வெளியிலேர்ந்து வர்ற லைன் சுத்தம். கோளாறு வீட்டுக்குள்ளதான். சிம்பிள். ஒயரைப் பிடுங்கிட்டுப் பாரு.

— ஏழு. இந்த ஒயரையே போட்டுப் பேசிடலாமே?

— அந்த ஒயர் என் முழங்கை நீளம். பெரிய பெட்டி இருக்கறது வாசல்ல, செருப்பு ஸ்டாண்டு மேல. அப்பாவைச் செருப்புக்கு நடுவுல உக்கார வச்சு, அத்தானைப் பொண்ணு கேக்கச் சொல்றியா?

— ஐயோ வேண்டாம். பாதுகைன்னு ஆரம்பிச்சுடுவார்.

— அப்ப நட. போனைக் கையில வச்சுக்கிட்டு வீடு முழுக்க நட. எங்க சிக்னல் ஏறுது, எங்க இறங்குதுன்னு கத்திக்கிட்டே போ. நான் இங்க நிக்கறேன்.

— ஹால்ல மூணு கோடு. சமையலறையில ரெண்டு. அம்மா ரூம்ல மூணு. டேய்!

— என்ன?

— பாத்ரூம்கிட்ட முழுசா காட்டுது! எல்லாக் கோடும்! ஆனா ஒரு பக்கம்கூடத் திறக்கல.

— பாத்ரூம்கிட்டயா? அங்க நான் பெட்டியே வைக்கலயே.

— வாளிக்குப் பின்னாடி ஏதோ பச்சையா மினுக் மினுக்னு…

— தொடாதே, வரேன்! …அடப்பாவி. இது நம்ம பழைய பெட்டி! நான் இதைக் கழட்டி அட்டைப்பெட்டியில போட்டு ஒட்டி வச்சேனே! யாரு இதுக்குத் திரும்ப உயிர் கொடுத்தது?

— அப்பா!

— அழைத்தாயா?

— இந்தப் பழைய பெட்டியை யாருப்பா இங்க மாட்டினது?

— நானே. இருளில் எழுந்து வரும்போது வாளி காலில் இடறுகிறது. இதில் ஐந்து பச்சை விளக்குகள் உள்ளன. கண்ணை உறுத்தாத ஒளி. மின்செலவும் சொற்பம். குப்பைக்குச் செல்லவிருந்த பொருளுக்கு மறுவாழ்வு அளித்தேன்.

— நைட் லாம்ப்பா! ரவுட்டரை நைட் லாம்ப்பா மாத்திட்டாரு அக்கா!

— ஆனா அதுல லைனே இல்லையேடா. சும்மா விளக்குதானே எரியுது, அது எப்படிக் கெடுக்கும்?

— அங்கதான் நான்… அதாவது, எல்லார் போன்லயும் திரும்பப் பாஸ்வேர்டு அடிக்கச் சோம்பேறித்தனப்பட்டு, புதுப் பெட்டிக்கும் பழைய பேரு, பழைய பாஸ்வேர்டையே வச்சுட்டேன். நம்ம போனெல்லாம் இதைப் பாத்ததும் "அட, நம்ம ஆளு"ன்னு ஓடிப்போய் ஒட்டிக்குது. ஒட்டினா உள்ள ஒண்ணும் இல்ல. திரும்ப ஓடுது. திரும்ப வருது.

— ஆகவே பிழை எனது மட்டுமன்று. பங்கு உனக்கும் உண்டு.

— பாதிப் பாதி வச்சுக்கலாம்பா. பிடுங்கறேன். அக்கா, வேகம்!

— பத்து… இருபத்தஞ்சு… நாப்பது! நாப்பதுடா! ஐயோ என் செல்லமே!

— ஆடு! ஆடு அக்கா! நான் சொன்னேன்ல, சிம்பிள்னு!

— இல்லத்தினுள் இவ்வாறு குதித்தல் கீழ்வீட்டாருக்கு இடையூறாகும். நான் செல்கிறேன்.

— போங்கப்பா போங்க, நாலு மணிக்கு வந்தா போதும்! டேய், நான் புடவையா, சுடிதாரா? வேண்டாம், கறுப்புதான். கறுப்புச் சட்டை போட்டாத்தான் கை தெளிவா தெரியும்.

— அக்கா.

— என்னடா?

— எதுக்கும் இன்னொரு தடவை பாரேன்.

— ஏன்டா வாயை வைக்கறே? …அஞ்சு.

— அஞ்சா?

— அஞ்சு! ஆரம்பிச்சதை விடக் கீழ போயிடுச்சு! நான் சட்டை மாத்தப் போகல. நான் எங்கயாவது ஓடிப் போறேன்.

— நேரா அத்தான் வீட்டுக்கே ஓடிடு, வைஃபையே தேவைப்படாது. அடிக்காதே! அடிக்காதே! இரு, போன்ல இதோட ஆப்பைத் திறக்கறேன். இப்ப யாரு யாரு லைனை இழுக்கறாங்கன்னு அதுல தெரியும். என் போன், கொஞ்சூண்டு. உன் போன், கொஞ்சூண்டு. டிவி தூங்குது. லேப்டாப் தூங்குது. அக்கா…

— என்ன மூஞ்சி அது?

— நம்ம ஃப்ரிட்ஜு எவ்ளோ இழுக்குது தெரியுமா?

— நம்ம ஃப்ரிட்ஜா? அதுக்குள்ள லைட்டே எரியறதில்ல! கதவைத் தட்டித்தான் மூடணும்! அது எப்படிடா இன்டர்நெட்ல போகும்?

— இதோ பாரு, வரிசையில முதல்ல நிக்குது. வைஃபையில வர்றதுல முக்காலே மூணு வீசம் இதுக்குத்தான் போகுது. பக்கத்துல ஒரு நட்சத்திரம் வேற. "முன்னுரிமை"யாம். அதாவது இது சாப்பிட்டு மிச்சம் இருந்தாத்தான் நமக்கு.

— யாராவது திருட்டுத்தனமா நம்ம லைன்ல புகுந்து, ஃப்ரிட்ஜுன்னு பேரு வச்சுக்கிட்டானோ?

— திருடன்னா ஃப்ரிட்ஜுன்னு வச்சிருப்பான். இங்க என்ன எழுதியிருக்குன்னு நீயே படி.

— "குளிர்பதனப் பெட்டி."

— ஒரு எழுத்துப் பிழை இல்ல. ஒற்றுகூட விட்டுப் போகல. இந்த உலகத்துல எந்தத் திருடன்…

— அப்பா!

— மீண்டும் அழைத்தாயா, மகளே?

— உங்க டேப்லெட்டைக் கொண்டு வாங்க.

— எதற்காக?

— ஃப்ரிட்ஜுக்கு ஜுரமா இருக்காம். தொட்டுப் பாக்கணும்.

— …கண்டுபிடித்துவிட்டீர்கள்.

— எப்படிப்பா? இந்த முன்னுரிமை எல்லாம் எப்படிப் போட்டீங்க? எனக்கே தெரியாதே!

— பெட்டியோடு வந்த கையேட்டை இவ்வீட்டில் முழுமையாகப் படித்தவன் நான் ஒருவனே. நீ அதை நாற்காலிக் காலுக்கு அடியில் வைத்திருந்தாய். ஒரு கருவிக்கு முதலிடம் அளிக்கும் முறை அதில் படத்துடன் தெளிவாக விளக்கப்பட்டிருந்தது. என் கருவியின் பெயர் பட்டியலில் தெரிந்தால் வினவுவீர்கள் என்று அஞ்சி, எவரும் ஐயுறாத வீட்டுப்பொருளின் பெயரைத் தேர்ந்தெடுத்தேன்.

— எவரும் ஐயுறாத பேரு! அக்கா, என்னால நிக்க முடியல, நான் உக்காந்து சிரிச்சுக்கறேன்.

— அப்படி என்னதான்பா பாக்கறீங்க? இவ்ளோ லைனை இழுக்கற அளவுக்கு?

— காணொளிகள். ஒன்றன்பின் ஒன்றாக இறக்கி வைக்கிறேன். என் வயதில் ஒரே காட்சியைப் பன்முறை திருப்பிப் பார்க்க வேண்டியுள்ளது.

— என்ன காணொளி?

— உங்கள் எதிரில் சொல்ல எனக்குக் கூச்சமாக உள்ளது.

— அப்பா!

— மகனே, உன் கற்பனைக்குக் கடிவாளமிடு. மல்யுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

— மல்யுத்தமா? உங்க ரூம்லேர்ந்து ஒரு சத்தமும் வந்ததில்லையே. ஆளைத் தூக்கிப் போட்டா "தொப்"புன்னு கேக்குமே.

— ஒலியை அடக்கிப் பார்ப்பேன். பிறருக்குத் தொல்லை தரலாகாது.

— சரி, நிறுத்துங்க. இப்பவே நிறுத்துங்க. நாலாகப் போகுது.

— மகளே, ஐந்தே நிமிடங்கள். இறுதிப் பகுதி இறங்கிக்கொண்டிருக்கிறது. இன்று அது எனக்கு இன்றியமையாதது.

— யாரு ஜெயிச்சாங்கன்னு நான் அப்புறம் கேட்டுச் சொல்றேன்பா!

— உனக்குப் புரியாது, மகனே. பெரும்பகுதி முடித்துவிட்டேன். இவ்வொன்று மட்டுமே எஞ்சியுள்ளது.

— அப்பா, ஒண்ணு கேக்கறேன். நேரா பதில் சொல்லுங்க. பாத்ரூம்ல பழைய பெட்டி. இங்க முன்னுரிமை. ரெண்டுமே நீங்க. இதெல்லாம் அவர் பேசக் கூடாதுன்னுதானா?

— மகளே…

— அவர் கை நின்னு போனா உங்களுக்கு வசதி. வேண்டாம்னு சொல்ற வேலை மிச்சம். அப்படின்னா இப்பவே சொல்லிடுங்க. நான் அழ மாட்டேன். அழுவேன், ஆனா அது உங்களுக்குக் கேக்காது, கதவைச் சாத்திப்பேன். பெட்டியைக் குறை சொல்லி மட்டும் என்னை ஏமாத்தாதீங்கப்பா.

— அக்கா, விடு…

— நிறுத்திவிட்டேன். இதோ பார். இறக்கத்தையும் நிறுத்தினேன், நட்சத்திரத்தையும் நீக்கினேன். இனி இந்தக் குளிர்பதனப் பெட்டிக்கு இவ்வீட்டில் எந்த உரிமையும் இல்லை.

— …பதில் இதுதானா?

— என்னால் இயன்ற விடை இதுவே. வேகத்தைப் பார்.

— எம்பது. தொண்ணூறு. தொண்ணூத்தி நாலு.

— தொண்ணூத்தி நாலு! அக்கா, பறக்குது! நான் சொன்னது பறக்குது!

— சந்தோஷப்படக்கூட முடியலடா எனக்கு. போ, வாசல்ல பெரிய பெட்டி பக்கத்துல போய் நில்லு. பச்சை லைட்டு ஆரஞ்சா மாறினா கத்து. எதையும் தொடாதே.

— செருப்பு நாத்தத்துக்கு நடுவுல நிக்கணுமா?

— என் கல்யாணத்துல உன் அத்தான் உனக்கு மோதிரம் போடுவார்.

— நின்னுட்டேன்! நின்னுட்டேன்! இங்கிருந்து உங்களைப் பாக்க முடியல, ஆனா கேக்குது!

— அப்பா, இங்க உக்காருங்க. கொஞ்சம் நிமிர்ந்து. என்ன, இவ்ளோ வேர்த்திருக்கு உங்களுக்கு?

— மின்விசிறி மெதுவாகச் சுழல்கிறது.

— வந்துட்டார். கூப்பிடறார். எடுத்துட்டேன். அப்பா, பாருங்க, எவ்ளோ தெளிவா இருக்கார்! சட்டைப் பட்டன்கூடத் தெரியுது. உங்களுக்கு வணக்கம் சொல்றார்.

— நானும் வணங்கினேன். தேர்வு எழுதப் போகிறவன்போல் அமர்ந்திருக்கிறாரே.

— அதையும் சொல்லட்டுமா?

— வேண்டாம், வேண்டாம்.

— "போன தடவை பாதியில நின்னு போன கேள்வியைத் திரும்பக் கேக்கணும். ஒரு மாசமா கையிலயே வச்சிருக்கேன்"ங்கறார். அப்பா, இந்தத் தடவை ஒண்ணு விடாம சொல்றேன். "உங்க பொண்ணுகிட்ட கேக்கறதுக்கு முன்னாடியே இந்தக் கேள்வியை நான் கேட்டது உங்ககிட்டதான். பதில் நீங்க எப்படிச் சொன்னாலும் ஏத்துக்கறேன்"…

— மகளே, நீ சற்று நகர்ந்து உட்கார்.

— ஏன்பா? நகர்ந்தா அவருக்கு என் கை தெரியாது.

— தெரியவேண்டாம். இன்னும் சற்று. போதும்.

— நான் சொல்லாம நீங்க எப்படி அவருக்கு… அப்பா? கையை ஏன்… அப்பா!

— அக்கா! என்ன ஆச்சு? திடீர்னு சத்தத்தையே காணோம்?

— …

— அக்கா, லைன் நின்னு போச்சா? இங்க எல்லாம் பச்சையாத்தான் எரியுது! ஏன் அங்க யாரும் பேசல?

— டேய்… கத்தாதடா.

— அழறியா? அய்யய்யோ, அழாதே, சிம்பிள்! பெட்டியை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிடறேன். சுவிட்ச் மேல விரலை வச்சுட்டேன். ஒண்ணு… ரெண்டு…

— விரலை எடுடா மண்டு! அப்பா பாத்தது மல்யுத்தம் இல்லடா, சைகைப் பாடம். ரெண்டு பேரும் பேசிட்டுத்தான் இருக்காங்க. அப்பா கையாலயே கல்யாணத் தேதி கேக்கறார்!